வரிச்சிக்குடி நிலையத்தின் ஐந்நூறு மீட்டர்

எனக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவந்துவிடும் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அந்த இரண்டு வருடமும் என் மூக்கு சிவந்தேதான் கிடந்தது. காரைக்காலுக்கு லைட் ரயில், அதாவது ஊருக்குள்ளேயே ஓடுகிற சின்ன ரயில், வரப்போகிறது என்றார்கள். நாளைக்கு இல்லை, அடுத்த வருடமும் இல்லை, எப்போதோ. ஆனால் எப்போதோ வரப்போகிற வண்டிக்காக ஊரை இப்போதே ஒழுங்குபண்ணி வைக்க வேண்டுமாம். எது கடைத்தெரு, எது வயல், எங்கே நாலு மாடி, எங்கே ஒரு மாடி என்று எல்லாவற்றுக்கும் வண்ணம் அடித்து ஒரு வரைபடம் தயாராக வேண்டும். அதை வரைகிற வேலை என் தலையில் விழுந்தது. ஊரமைப்பு அலுவலகத்தில் நான் வரைவாளர். முப்பது வருடமாக இந்த ஊரைக் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். முன்பு டிரேசிங் தாளில் போட்டேன், இப்போது கம்ப்யூட்டரில் போடுகிறேன்.

ஆறரை மணி டவுன் பஸ் ஏழே காலுக்கு வருகிற ஊர் இது. வந்தாலும் நிற்குமா என்று சொல்ல முடியாது. அதைச் சரிபண்ண ஒருவருக்கும் துப்பில்லை. வராத ரயிலுக்கு நிலையம் குறிக்க மட்டும் வெளியூரிலிருந்து ஆலோசகர்கள் ஏசி காரில் வந்து இறங்கினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைதான் என் அண்ணனின் குடியைக் கெடுத்தது.

அண்ணன் தனியார் பஸ் டிரைவராக இருந்தவர். காரைக்காலிலிருந்து பொறையார் வழியாக மயிலாடுதுறைக்குப் போய் வருகிற வண்டியை இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினார். சர்க்கரை வியாதி அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டுவிட்டது. செயற்கைக்கால் மாட்டிப் பார்த்தார்கள். புண்ணாகி, இருக்கிற காலையும் கெடுத்துவிடும்போல ஆனதால் அதைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. இரண்டு ஊன்றுகட்டைதான். சமதளத்தில் நன்றாகவே நடப்பார். படிக்கட்டில்தான் முடியாது. ஒரு தடவை முயற்சி பண்ணி ஏழு படி உருண்டு விழுந்தார்.

அவர் குடியிருந்ததோ மாடிப் போர்ஷன். கீழ்ப் போர்ஷன் பூட்டியே கிடந்தது. வீட்டுக்காரர் பிரெஞ்சு பென்ஷன்காரர், பிள்ளைகளோடு பாரிஸ் பக்கம் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆகஸ்ட் மாதம் குடும்பத்தோடு வந்து இருபது நாள் இருந்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கீழ் வீட்டில் கட்டில் பீரோவெல்லாம் துணி போர்த்திக்கொண்டு சும்மா கிடக்கும். கீழ் வீட்டைக் கொடுங்கள், மாடியை நீங்கள் வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணி போனில் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். பேரப்பிள்ளைகளுக்கு மாடிப்படி ஆகாது என்று அவர் சொல்லிவிட்டார். அண்ணி போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வேறு வீடு தேடாமலும் இல்லை. தரைத்தளமாகக் கிடைத்ததெல்லாம் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கிற தெருவில் இருந்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் ஊன்றுகட்டையைப் பார்த்ததும் வீட்டைக் கொடுக்கிற மாதிரி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்படியே மூன்று வருடம் அண்ணன் அந்த மாடியை விட்டு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் இரண்டு ஆள் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்குவார்கள். அந்த அரை மணி நேரமும் அவர் கண்ணை மூடிக்கொண்டே இருப்பார். பஸ் நிறைய ஜனத்தை உட்கார வைத்து ஓட்டிய மனுஷனுக்கு, தன்னை நாலு பேர் பார்க்கத் தூக்கிக்கொண்டு போவது செத்த மாதிரி இருக்கிறது என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

அவருக்கென்று வரிச்சிக்குடியில் ஒரு மனை இருந்தது. வண்டி ஓட்டுகிற காலத்தில் தினமும் டீ குடிக்க நிறுத்துகிற கடைக்குப் பின்னால், இரண்டு தெரு தள்ளி, டீக்கடைக்காரரே பேசி முடித்துக்கொடுத்த மனை. அதில் இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் போட்டு, வாசலில் படியே இல்லாமல் சரிவாகத் தளம் போட்டுக்கொண்டால் போதும். அவரே நடந்து தெருவுக்கு வந்துவிடுவார். அந்த வீட்டுக்கு பிளான் போட்டதும் நான்தான். எத்தனையோ வரைபடம் போட்டிருக்கிறேன், ஆசையாய்ப் போட்டது அது ஒன்றுதான்.

இனி ரயில் கதைக்கு வருகிறேன். ஆலோசகர்கள் முதலில் நிலையங்களைப் புள்ளி புள்ளியாகக் குறித்தார்கள். வரிச்சிக்குடி நிலையத்தை அங்கேயுள்ள பஸ் நிழற்குடையில் வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் பஸ் எங்கே நிற்கும் என்பதை நிழற்குடை தீர்மானிப்பதில்லை. டிரைவருக்கு எந்த டீ பிடிக்கிறதோ அங்கே நிற்கும். பஸ் நிற்கிற இடத்தில் ஜனம் போய் நிற்கும். அப்புறம் அங்கே பூக்காரி வருவாள், பழவண்டி வரும். அந்த நிழற்குடை தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் கட்டியது. கட்டிய நாளிலிருந்து அதில் ஒரு பஸ்ஸும் நின்றதாக எனக்கு நினைவில்லை.

ஆலோசகருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். நான் சொன்னதை அவர் ஆர்வமாகக் கேட்டார். அப்படியானால் சரியான இடத்தை நீங்களே சொல்லுங்கள் மேடம் என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? அந்தப் பாதையில் இருபது வருடம் வண்டி ஓட்டியவரையே கேட்டுவிடுகிறேன் என்று அவர் எதிரிலேயே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நிழற்குடையா? அங்க ஆடுதான் நிக்கும்," என்றார் அண்ணன். "டீக்கடை வாசல்லதான் எல்லாரும் நிறுத்துவோம். அங்கயே போடு. பத்தடி கூட நகத்தாத."

நான் புள்ளியைத் தூக்கி டீக்கடை வாசலில் வைத்தேன். ஆலோசகர் இதுதான் எங்களுக்கு வேண்டும், உள்ளூர் அறிவு என்று சொல்லிக் கைகுலுக்கினார். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போனேன். அல்வா! இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்போது அது வெறும் புள்ளிதான். வட்டம் பிறகுதான் வந்தது. ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி ஐந்நூறு மீட்டருக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் நெருக்கமாக ஜனம் குடியிருந்தால்தான் ரயிலுக்கு ஆள் சேருமாம். ஆகவே வட்டத்துக்குள் புதிதாகக் கட்டுகிறவர் தரைத்தளத்தோடு சேர்த்துக் குறைந்தது நாலு மாடி கட்ட வேண்டும். தரைத்தளத்தில் கடையோ வண்டி நிறுத்தமோதான் இருக்கலாம். குடியிருக்கிற வீடு முதல் மாடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். தனி வீட்டுக்கு அனுமதி கிடையாது. இந்த விதியெல்லாம் எங்கள் மேசைக்குக் கடைசி வாரத்தில்தான் வந்தது. வட்டத்துக்குள் விழுகிற மனைகளுக்கு ஆரஞ்சு வண்ணம் அடிக்கச் சொன்னார்கள். நான் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனேன். எங்கள் ஊரில் மனைக்குச் சர்வே எண்ணோடு பிரெஞ்சுக்காரன் காலத்துக் கதாஸ்தர் எண் என்று இன்னொரு எண்ணும் உண்டு. ஒரு மனையைத் தொட்டதும் அந்த இரண்டு எண்ணும் திரையில் வந்தன. யாருடைய மனை என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அண்ணன் வீட்டு பிளானின் மூலையில் என் கையாலேயே எழுதிய எண்கள்.

நிழற்குடையில் புள்ளி இருந்திருந்தால் மனை வட்டத்துக்கு வெளியே போயிருக்கும். அளந்து பார்த்தேன். ஒரு தடவை இல்லை, நாலு தடவை அளந்தேன்.

அப்போதும் தப்பிக்க வழி இருந்தது. வரைவுத் திட்டம் வெளியாவதற்கு முன் கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய விதிதான். நான் அண்ணன் வீட்டுக்கு ஆட்டோ பிடித்து ஓடினேன். வீட்டு பிளான், பத்திரம், விண்ணப்பம் எல்லாம் தயாராகவே இருந்தது. எங்கே இருந்தது? அண்ணியின் சாமி அலமாரியில், ஓரத்தில் குங்குமம் வைத்து. ஆடி மாதம் என்பதால் அண்ணி அதைக் கொடுக்காமல் வைத்திருந்தார். காகிதம்தானே கொடுக்கிறோம், கடப்பாரையா போடப்போகிறோம் என்று நான் முதல் வாரமே கத்தியிருக்கிறேன். வீட்டு வேலையில் காகிதம் கொடுப்பதும் ஒரு தொடக்கம்தான் என்று அண்ணி பிடிவாதமாக இருந்துவிட்டார். போதாததற்கு அண்ணனின் கால் போனதும் ஒரு ஆடியில்தான். அதற்குமேல் நான் என்ன பேச? அன்றைக்கு நான் ஓடிப்போய்ச் சொன்னபோது மாலை ஐந்தரை. அலுவலகம் மூடியாயிற்று. மறுநாள் காலையில் அறிவிப்பு வெளியாகிவிட்டது.

அண்ணியிடம் நான் சண்டை போட்டேன். அவரும் போட்டார். யார் நகர்த்திய புள்ளி என்று கேட்டார். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான்தானே டீக்கடையில் போடச் சொன்னேன், அவளை ஏன் திட்டுகிறாய் என்று அண்ணியை அடக்கினார். அவர் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இதோடு நின்றதா? அடுத்த மாதமே டீக்கடைக்காரருக்கும் இடத்துக்காரருக்கும் ஏதோ மனஸ்தாபம். கடைக்காரர் பாய்லரைத் தூக்கிக்கொண்டு தெற்கே பெட்ரோல் பங்க் பக்கம் போய்விட்டார். அப்புறம் என்ன? பஸ்ஸெல்லாம் அங்கே போய் நிற்க ஆரம்பித்தது. ஜனமும் போயிற்று, பூக்காரியும் போய்விட்டாள். பழைய இடத்தில் ஈ காக்கை இல்லை. வரிச்சிக்குடி நிலையத்தின் புள்ளி மட்டும் அங்கேயே நின்றது.

நான் ஆலோசகருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் புள்ளியை வைத்துத்தான் பயணிகள் கணக்கு, சாலை அகலம், வடிகால் எல்லாம் போட்டாயிற்று, ஒரு டீக்கடைக்காக எல்லாவற்றையும் மாற்ற முடியாது மேடம் என்றார். டீக்கடைக்காகத்தானே ஐயா வைத்தோம் என்றேன். அவர் சிரித்தார். அட போங்கப்பா என்று போனை வைத்தேன். வேறென்ன செய்வது, எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஆட்சேபனை சொல்ல ஒரு நாள் குறித்தார்கள். அண்ணன் தானே வந்து பேசுவேன் என்று நாலு நாளாகப் பேச வேண்டியதையெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் விஷயம் தெரியும். கூட்டம் நடக்கிற ஹால் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடி எத்தனையோ நாளாகிறது. கீழே ஒரு அறையில் வைக்கலாமே என்று நான் குறிப்பு எழுதி வைத்தேன். மைக் செட் மேலேதான் இருக்கிறது என்று பதில் வந்தது. நாற்காலியில் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று அண்ணி சொன்னார். ஊர் முழுக்க இருக்கிற இடத்தில் அப்படிப் போய் இறங்கமாட்டேன் என்று அண்ணன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டார். அண்ணி தனியாகத்தான் வந்தார்.

மேடையில் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. காலையிலிருந்து திட்டு வாங்கி வாங்கிக் களைத்துப்போன மனிதர். அண்ணியின் மனுவைப் படித்துவிட்டு நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார். ரயில் வந்தால் அந்த இடமே எங்கேயோ போய்விடும், நாலு மாடி கட்டிக்கொள்ள அரசாங்கமே சொல்கிறது, எத்தனை பேருக்கு இந்த அதிர்ஷ்டம் வரும் என்றார்.

அண்ணி மைக்கைப் பிடிக்கவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். "அவங்களால ஒரு மாடியே ஏற முடியல சார். நாலு மாடிய வச்சிகிட்டு நாங்க என்ன பண்றது?"

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அலுவலகத்து ஆள் இடையில் பேசக்கூடாது, தெரியும். எழுந்துவிட்டேன். "சார், அந்தப் புள்ளிய டீக்கடையில வச்சது நான்தான். எங்க அண்ணனக் கேட்டுத்தான் வச்சேன். இப்ப அந்தக் கடையே அங்க இல்ல. தப்பு என்னோடது," என்றேன். அதிகாரி என்னைப் பார்த்துவிட்டு உட்காருங்கம்மா என்றார். கோரிக்கை அடுத்த திருத்தத்தில் பரிசீலிக்கப்படும் என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அடுத்த திருத்தம் எப்போது என்று அண்ணி கேட்டதற்குத் திட்டம் இறுதியாகி ஐந்து வருடம் கழித்து என்றார்கள்.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு பத்து நாளில் வந்தது. ஒரு பிரதி அண்ணிக்கும் போயிற்று. அதில் நான் பேசியதை ஒரே வரியில் முடித்திருந்தார்கள். 'நிலையத்தின் இடம் கள விசாரணையின் அடிப்படையிலேயே குறிக்கப்பட்டது என வரைவாளர் உறுதிப்படுத்தினார்.' நான் தப்பு என்று சொன்னது அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது. ஆத்திரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. அலுவலகத்து கக்கூஸில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அண்ணி இரண்டு வாரம் என் போனை எடுக்கவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் அண்ணி ஒரு காரியம் செய்திருந்தார். விதிப் புத்தகத்தை யாரையோ விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கட்டுமானச் சாமான் வைக்க மனையில் தற்காலிகக் கொட்டகை போட்டுக்கொள்ள அனுமதி தேவையில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியும் நான் தட்டச்சு செய்ததுதான். அண்ணி தகரக் கொட்டகை ஒன்று போட்டார். நான் போட்ட பிளானின் அளவுதான், இரண்டு அறையும் சமையற்கட்டும் தகரத்தில். தரை மட்டும் சிமெண்டு, வாசலில் படி இல்லை. சாமானுக்குச் சாட்சியாக ஒரு மூலையில் நூறு செங்கல் அடுக்கி வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனை நாற்காலியில் வைத்துக் கடைசியாக ஒரு தடவை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரசாங்கத்து ஆள் என்று நினைத்திருப்பார்.

யாரோ மனு எழுதிப் போட்டுவிட்டார்கள். சாமான் கொட்டகையில் ஆள் குடியிருக்கிறார்கள் என்று. அலுவலகம் அதற்கு மட்டும் எவ்வளவு சுறுசுறுப்பு! மூன்றே நாளில் நோட்டீஸ் தயாராகிவிட்டது. பதினைந்து நாளில் காலிசெய்து கொட்டகையை அகற்ற வேண்டும். மனைக்காரர் கையில் நேராகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். வழக்கமாக நோட்டீஸ் கொண்டுபோகிற ஊழியர் லீவில் இருந்தார். உங்களுக்கு வீடு தெரியுமே என்று அதிகாரி என்னைப் பார்த்தார். நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். வேறு யாரோ போய் அண்ணன் கையில் அதைக் கொடுப்பதை விட நானே போய்த் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

வெயில் சாய்கிற நேரம் போனேன். கொட்டகைக்கு முன்னால் மூங்கில் தட்டியால் கதவு ஒன்று வைத்துக் கட்டியிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் தெருவில் நின்றேன். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போக எனக்கு மனசு வரவில்லை. அண்ணே என்று கூப்பிட்டேன். அண்ணிதான் வருவார் என்று நினைத்து, அவர் கேட்கப்போகிற கேள்விக்கெல்லாம் பதில் யோசித்து வைத்திருந்தேன்.

"செத்த நில்லு, நானே வர்றேன்."

ஊன்றுகட்டை சத்தம் கேட்டது. சிமெண்டுத் தரையில் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று நிதானமாக வந்தது. அண்ணன் வெளியே வந்தார். கிளிப்பச்சைச் சட்டை போட்டு, தலை சீவியிருந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. ஒரு கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தட்டிக் கதவின் கயிற்றை அவரே அவிழ்த்துத் திறந்தார். மூன்று வருடமாக யார் வந்தாலும் கட்டிலில் உட்கார்ந்தபடி வா என்று மட்டும் சொன்ன மனுஷன்.

நான் காகிதத்தை நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். என் பேனாவை வாங்கிக் கதவுக் கட்டையின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினார். பிறகு தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை பார்த்தார்.

"பதினஞ்சு நாளா?" என்றார். "சரி. பதினஞ்சு நாளும் நான் இங்கயே வாசல்ல நின்னுக்கிறேன்."